நினைவகத்தைக் குத்தகைக்கு விடுதல்

ஒரு நிலத்தை உடையவன் அதனைப் பிறனொருவனுக்குக் குத்தகைக்கு விடுங்கால் மூன்று செய்திகளை முன்னரே வரையறுத்துக்கொள்ளுதல் மரபு. எல்லை யாது, காலம் எவ்வளவு, குத்தகைக்காரன் அந்நிலத்திற் செய்யத்தகுவது யாது என்பன அவை. இவற்றுள் ஒன்று நெகிழினும் வழக்கும் பூசலும் விளையும் என்பதை ஓமந்தை முதலிய வன்னி ஊர்களின் கமக்காரர் நன்கறிவர். கணினியின் உள்ளேயும் இத்தகையதொரு குத்தகை ஒவ்வொரு செக்கனும் பல்லாயிரந் தடவை எழுதப்பட்டும் மீட்கப்பட்டும் வருகின்றது. அங்கே நிலமாவது நினைவகம். உடையவன் பணிசெயல் முறைமையின் கருவாகிய கேர்னல். குத்தகைக்காரர் வன்தட்டு, வலையமைப்பு அட்டை முதலிய சாதனங்கள். ஆங்கிலத்தில் டி.எம்.ஏ. எனச் சுருக்கி வழங்கப்படும் நேரடி நினைவக அணுகல் என்பது இக்குத்தகையே. கரு இதனை எவ்வாறு முகாமை செய்கின்றது என்பதும், அம்முகாமை தவறுமிடத்து விளையும் கேடு யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

நேரடி அணுகல் தோன்றிய காரணம்

தொடக்கக் காலக் கணினிகளில், வெளிச் சாதனமொன்றிலிருந்து நினைவகத்துக்குச் செல்லவேண்டிய ஒவ்வொரு தரவையும் முறைவழியாக்கியே எடுத்து வைக்கவேண்டியிருந்தது. கணக்கிடுதற்கென அமைந்த விலையுயர்ந்த உறுப்பு சுமை தூக்கும் வேலையிலே பொழுதைக் கழித்தது. 1958-ஆம் ஆண்டில் நிறுவப்படத் தொடங்கிய ஐ.பி.எம். 709 என்னும் கணினி, தரவுத் தடங்கள் எனப்படும் தனி உறுப்புகளை அமைத்து இக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. முறைவழியாக்கி கட்டளையிட்டுவிட்டுத் தன் கணக்கைத் தொடரும். தரவுத் தடம் தானே நினைவகத்தை நிரப்பும். வேலை முடிந்ததும் அறிவிக்கும். அன்று தொடங்கிய இவ்வேலைப் பிரிவினை இன்றுவரை மாறவில்லை.

1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியில் இப்பணியை இன்ரெல் 8237 என்னும் சில்லு செய்தது. அதன் தடங்கள் நான்கு. அது தானாக எண்ணக்கூடிய முகவரி 16 இருமவிலக்கம் மாத்திரமே ஆதலின், ஒரே பரிமாற்றம் 65,536 பைற்று என்னும் எல்லைக்கோட்டைக் கடக்க இயலாது. 1984-இல் வந்த அடுத்த தலைமுறைக் கணினியில் முகவரி 24 இருமவிலக்கமாயிற்று. சாதனங்கள் முதல் 16 மெகாபைற்று நினைவகத்தை மாத்திரமே எட்டின. 1992-இல் வெளியிடப்பட்ட பி.சி.ஐ. என்னும் பாட்டை நியமத்தின்படி, நடுவிலுள்ள சில்லின் துணையின்றி ஒவ்வொரு சாதனமும் தானே பாட்டையை ஆண்டு 32 இருமவிலக்க முகவரியால் 4 கிகாபைற்று வரை எழுதும் உரிமை பெற்றது. இவ்வாறு சாதனத்தின் ஆற்றல் படிப்படியாக வளர்ந்தது. அதனைக் கண்காணிக்கும் பொறுப்பும் அவ்வளவிற்குக் கருவின் மேல் ஏறிற்று.

இவ்வாற்றல் இன்றியமையாதது என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். செக்கனுக்கு 1 கிகாபிற்று வேகமுள்ள வலையமைப்பில், வழமையான 1500 பைற்று சுமக்கும் பொதிகள், தலைப்பும் இடைவெளியும் சேர்த்துப் பார்க்கின், செக்கனுக்கு ஏறத்தாழ 81,000 வந்து சேரும். ஒவ்வொரு பொதியின் ஒவ்வொரு சொல்லையும் முறைவழியாக்கியே தூக்கி வைப்பதாயின் அதற்கு வேறு வேலை செய்யப் பொழுதிராது. 10 கிகாபிற்று வலையமைப்பிற் பொதிகளின் தொகை எட்டு இலட்சத்தைக் கடக்கும். ஆகவே குத்தகை வேண்டுமோ வேண்டாவோ என்பது இன்று வினாவன்று. அதை எவ்வாறு எழுதுவது என்பதே வினா.

ஓரிடம், மூன்று பெயர்

ஒரே வயலுக்கு ஊரவர் வழங்கும் பெயர் ஒன்று. நில அளவை வரைபடத்தில் உள்ள இலக்கம் வேறு. உறுதியில் எழுதப்பட்ட விவரணம் இன்னொன்று. நினைவகத்தின் நிலையும் இத்தகையதே. நிரல் காணும் முகவரி மாயமுகவரி எனப்படும். நினைவகச் சில்லுகள் அறிவது பௌதிக முகவரி. சாதனம் தன் பாட்டையின்மேல் வெளியிடுவது மூன்றாவதாகிய பாட்டை முகவரி. சில கணினிகளிற் பின்னைய இரண்டும் ஒன்றாயிருக்கும். வேறு சிலவற்றில் அவை முற்றும் வேறுபடும். நிரலின் முகவரியை அப்படியே சாதனத்துக்குக் கொடுப்பின், அது பிறர் வயலில் இறங்கி உழுதவன் கதையாகும்.

ஆதலின் கரு, ஒரு நினைவகப் பகுதியைச் சாதனத்துக்கு ஒப்படைக்குமுன் அதற்குரிய பாட்டை முகவரியை ஆக்கிக் கொடுக்கின்றது. இச்செயலே முகவரிப் பொருத்தம் எனப்படும். 1991-இல் லினஸ் ரோவால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கேர்னலில், 2001 சனவரியில் வெளிவந்த 2.4 என்னும் பதிப்பளவில் இதற்கெனப் பொதுவானதோர் இடைமுகம் அமைந்துவிட்டது. அதன் விதிகளை விளக்கும் ஆவணத்தை டேவிட் மில்லர், றிச்சட் ஹென்டர்சன், யாக்குப் ஜெலினெக் என்னும் மூவர் எழுதினர். சாதனத்தை நடத்தும் மென்பொருளாகிய செலுத்தி, எந்தக் கணினியில் இயங்கினும் இவ்விடைமுகத்தின் வாயிலாகவே முகவரியைப் பெறவேண்டும்; தானே கணக்கிட்டு ஊகித்தல் கூடாது என்பது அவ்விதிகளின் அடிப்படை.

பொருத்தம் இருவகைப்படும். முதலாவது நெடுங்காலக் குத்தகை. செலுத்தி தொடங்கும்போது ஒதுக்கப்பட்டு, அது முடியும்வரை கருவும் சாதனமும் ஒருங்கே பார்க்கவும் எழுதவும் தக்கதாய் இருப்பது. சாதனத்துக்குரிய கட்டளை நிரைகள் இத்தகைய இடத்தில் வைக்கப்படும். இரண்டாவது போகக் குத்தகை. காலபோகத்துக்கு மாத்திரம் கொடுத்த வயல் அறுவடையோடு மீள்வதுபோல, ஒரு பொதிக்கோ ஒரு தட்டுப் பரிமாற்றத்துக்கோ கொடுக்கப்பட்டு உடனே மீட்கப்படுவது. இதில் திசையும் குறிக்கப்படும்: சாதனம் படிக்கவா, எழுதவா, இரண்டும் செய்யவா என்பது முன்னரே சொல்லப்படல் வேண்டும். குத்தகைக் காலத்தில் அவ்விடம் சாதனத்தின் உடைமையாகும். கரு அதனைத் தொடுதல் கூடாது. இடையிற் பார்க்கவேண்டின் முறைப்படி திருப்பிப் பெற்று, பார்த்தபின் முறைப்படி மீள ஒப்படைத்தல் வேண்டும்.

பதுக்கு நினைவகத்தால் வரும் இடர்

உடைமை மாற்றத்தை இத்துணைக் கண்டிப்பாக வகுத்ததற்குக் காரணம் பதுக்கு நினைவகமாகும். முறைவழியாக்கி தான் அடிக்கடி நோக்கும் தரவுகளைத் தன்னருகே படியெடுத்து வைத்துக்கொள்ளும். அப்படி பெரும்பாலும் 64 பைற்று கொண்ட வரிகளாக அமையும். கரு எழுதிய புதிய தரவு பதுக்கிலேயே தங்கி, நினைவகத்திற் பழையதே கிடக்குமாயின், சாதனம் பழையதையே அனுப்பும். சாதனம் புதியதை எழுதியிருக்கவும் பதுக்கிற் பழைய படி எஞ்சுமாயின், கரு பழையதையே படிக்கும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது; கணக்கு மாத்திரம் பிழைபடும்.

இக்காலத்து இன்ரெல், ஏ.எம்.டி. கணினிகளில் வன்பொருளே இவ்விரண்டையும் ஒத்திசைவித்துவிடும். ஆம் வகை முறைவழியாக்கிகளைக் கொண்ட பல சிறு கணினிகளில் அவ்வசதி இல்லை. அவற்றிற் கரு, ஒப்படைக்கும்போது பதுக்கை நினைவகத்துக்கு வெளியேற்றவும், திருப்பிப் பெறும்போது பழைய படியை நீக்கவும் கடமைப்பட்டது. ஒத்திசைவுடைய கணினியில் மாத்திரம் சோதிக்கப்பட்ட செலுத்தி, உடைமை விதியை மீறியிருப்பினும் பல்லாண்டு குறையின்றி ஓடலாம்; அதனை வேறொரு கணினிக்குக் கொண்டுசென்ற அன்றுதான் அதன் பிழை வெளிப்படும்.

இடைத்தங்கல்

16 மெகாபைற்று அல்லது 4 கிகாபைற்றுக்கு மேல் எட்டமுடியாத சாதனத்துக்கு, அதற்கப்பால் உள்ள இடத்தைக் குத்தகைக்குக் கொடுப்பது எவ்வாறு? அத்தகைய இடத்திற் கரு, சாதனம் எட்டக்கூடிய தாழ்ந்த முகவரியில் ஓரிடத்தை முன்னரே ஒதுக்கிவைத்து, தரவை அங்கே இறக்கிப் பின்னர் உரிய இடத்துக்கு ஏற்றுகின்றது. லினக்ஸில் இவ்விடைத்தங்கல் இடம் இயல்பாக 64 மெகாபைற்று. ஓமந்தை வழியாகச் செல்லும் ஏ9 வீதி 2002-இல் மீளத் திறக்கப்பட்ட பின்னர், அவ்வூர்ச் சோதனைச் சாவடியிற் பாரவூர்திச் சுமைகளை இறக்கிச் சோதித்து மீள ஏற்றிய காலத்தை அறிந்தோர்க்கு இம்முறையின் இயல்பை விரித்துரைக்க வேண்டியதில்லை. பொருள் போய்ச் சேரும். ஆனால் ஒருமுறை ஏற்றவேண்டியதை இருமுறை ஏற்றவேண்டும். இறக்கும் இடத்தில் நெருக்கமும் உண்டாகும். அச்சாவடி 2015-இல் அகற்றப்பட்டது. கணினியின் இடைத்தங்கலோ இன்றும் தேவைப்படுகின்றது.

இவ்விடைத்தங்கலில் 2022-ஆம் ஆண்டு நிகழ்ந்ததொரு செய்தி, உடைமை விதியின் நுட்பத்தை நன்கு காட்டும். சாதனமொன்று ஓரிடத்தை நிரப்புவதாக ஏற்றுக்கொண்டு பாதியை மாத்திரம் நிரப்பிற்று என்க. குத்தகையை மீட்கும்போது கரு இடைத்தங்கல் முழுவதையும் உரிய இடத்துக்குப் படியெடுக்கும். எஞ்சிய பாதியில் முன்னொரு காலத்தில் வேறொருவருடைய தரவு தங்கியிருந்திருப்பின், அது உரிமையில்லாதவன் கைக்குச் சென்றுவிடும். சி.வி.இ. 2022-0854 என எண்ணிடப்பட்ட இக்குறையை நீக்குதற்கு, சாதனம் எழுதுதற்கென ஒப்படைக்கும் இடங்களிலும் கருவின் தரவையே முதலில் இடைத்தங்கலில் நிரப்பிவிடும் முறை கொண்டுவரப்பட்டது.

திருத்தம் செய்தபின் ஏ.டி.எச்.9.கே. என்னும் செலுத்தியால் நடக்கும் கம்பியில்லா வலையமைப்பு அட்டைகள் சில கணினிகளில் இயங்காதொழிந்தன. காரணம் ஆராயப்பட்டபோது, அச்செலுத்தி சாதனத்தின் குத்தகை முடியுமுன்னரே இடத்தைத் திருப்பிப் பெற்று, பொதி முழுமையாயிற்றா என எட்டிப் பார்த்து, முழுமையாகாதபோது மீள ஒப்படைத்து வந்தது தெரிந்தது. அவ்வேளையிலெல்லாம் சாதனம் எழுதிக்கொண்டே இருந்தது. திருத்தத்தின்பின், மீள ஒப்படைத்தல் என்னும் செயல் பழைய தரவை இடைத்தங்கலில் ஏற்றி, சாதனம் புதிதாக எழுதியதை அழித்துவிட்டது. 2022 மார்ச்சு மாத இறுதியில் ரோவால்ட்ஸ் அத்திருத்தத்தை விலக்கி, சில நாள்களுள் அதன் ஒரு பகுதியை மீளச் சேர்த்தார்: முதன்முதல் ஒப்படைக்கும்போது நிரப்புதல் நிலைத்தது, இடையில் மீள ஒப்படைக்கும்போது நிரப்புதல் கைவிடப்பட்டது. குத்தகை ஒரே வேளையில் இருவர் கையில் இருக்குமாயின், நல்லெண்ணத்துடன் செய்த திருத்தமும் தீங்காய் முடியும் என்பதற்கு இது சான்று.

வாயிலிற் காவல்

இதுகாறும் கூறியவை சாதனம் நேர்மையுடையது என்னும் கொள்கையின்மேல் நின்றவை. சாதனம் தனக்குக் கொடுத்த எல்லையை மீறி எழுதின் அதனைத் தடுப்பது யார்? பழைய தனியாள் கணினிகளில் ஒருவருமிலர். இக்காலத்துக் கணினிகளில் ஐ.ஓ.எம்.எம்.யூ. எனச் சுருங்க வழங்கும் சாதன முகவரி முகாமை அலகு அப்பணியைச் செய்கின்றது. சாதனம் வெளியிடும் ஒவ்வொரு முகவரியையும் அது தன் அட்டவணையோடு ஒப்பிட்டு, பொருத்தம் உள்ளதாயின் உரிய பௌதிக முகவரிக்கு மாற்றும், இல்லையாயின் மறுக்கும். சிதறிக் கிடக்கும் பக்கங்களைச் சாதனத்துக்குத் தொடர்ச்சியான ஒரே வெளியாகக் காட்டும் நன்மையும் இதனால் உண்டு.

இக்காவலுக்கும் இரு குறைகள் உள. முதலாவது எல்லைபற்றியது. அட்டவணை பெரும்பாலும் 4096 பைற்று கொண்ட பக்கங்களாகவே அளக்கும். 1500 பைற்றுப் பொதிக்குரிய இடத்தைக் கொடுக்கின், அதே பக்கத்திற் கிடக்கும் கருவின் பிற தரவுகளும் சாதனத்தின் பார்வைக்கு உட்படும். இரண்டாவது காலம்பற்றியது. குத்தகையை மீட்டதும், அலகு தன்னருகே படியெடுத்து வைத்திருக்கும் பழைய பொருத்தத்தையும் நீக்கவேண்டும். அந்நீக்கம் நேரம் எடுப்பது. ஒவ்வொரு பொதிக்கும் அதனைச் செய்யின் வேகம் குறையும் என்றெண்ணி, லினக்ஸ் தளர்ந்த முறை ஒன்றையும் வைத்துள்ளது. மீட்கப்பட்டவற்றைச் சேர்த்து வைத்து, ஒரு தொகை நிரம்பியதும் அல்லது 10 மில்லிசெக்கன் கழிந்ததும் ஒருங்கே நீக்குவது அம்முறை. 10 மில்லிசெக்கன் சிறிதெனத் தோன்றலாம். மேற்கூறிய 1 கிகாபிற்று வலையமைப்பில் அக்கால எல்லைக்குள் 810 பொதிகள் வரும். குத்தகை முடிந்த பின்னும் பழைய குத்தகைக்காரன் கையிற் படலைத் திறப்பு எஞ்சியிருக்கும் காலம் அதுவாகும்.

இக்குறைகள் ஏட்டளவில் நின்றவை அல்ல. 2019-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், றைஸ் பல்கலைக்கழகம், எஸ்.ஆர்.ஐ. இன்ரர்நாஷனல் என்னும் நிறுவனங்களின் ஆய்வாளர் தண்டர்கிளாப் என்னும் ஆய்வை வெளியிட்டனர். வலையமைப்பு அட்டைபோல் நடிக்கும் சாதனமொன்றைக் கணினியிற் செருகி, காவல் அலகு உள்ள கணினிகளிலும் பல பணிசெயல் முறைமைகள் அதனைப் பயன்படுத்தாமலோ தளர்வாகப் பயன்படுத்தியோ இருப்பதை அவர் காட்டினர். அவ்வாண்டிலேயே வெளிவந்த லினக்ஸ் 5.4 பதிப்பில், இன்ரெல் வன்பொருளைப் பொறுத்தவரை, வெளியிலிருந்து செருகப்படும் நம்பத்தகாத சாதனங்களுக்கு ஒரு பக்கத்தினும் குறைந்த இடம் கொடுக்கப்படும்போது இடைத்தங்கல் வழியாகவே கொடுக்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. முன்னர்த் தொலைவை எட்டமுடியாதோர்க்கென அமைந்த இடைத்தங்கல், நம்பத்தகாதோரை விலக்கி வைக்கும் முற்றமாகவும் பயன்படலாயிற்று.

செலுத்தி எழுதுவோர் கடன்

கரு எத்துணைக் கவனமாயிருப்பினும், குத்தகையை வேண்டுவதும் திருப்பிக் கொடுப்பதும் செலுத்தியின் கையில் உள்ளன. திருப்பிக் கொடுக்க மறந்தால் இடைத்தங்கலோ முகவரி வெளியோ மெல்லமெல்லத் தீர்ந்து, ஒருநாட் சாதனங்கள் நின்றுவிடும். மிக விரைவிற் கொடுத்தால், சாதனம் எழுதிக்கொண்டிருக்கும் இடத்தைக் கரு வேறொருவனுக்கு அளித்துவிடும். எழுத்து அவன் தரவின்மேல் விழும். குத்தகை மறுக்கப்பட்டதா எனப் பாராமல் முகவரியைப் பயன்படுத்துவதும் பெரும்பிழை.

விதியை மீறுதல் நெடுங்காலம் புலப்படாமல் இருக்கக்கூடும் என்பதற்கு மற்றுமொரு சான்று உண்டு. நிரலின் அடுக்கில் உள்ள இடத்தைச் சாதனத்துக்குக் கொடுத்தல் கூடாது என்பது பழைய விதி. ஆயினும் சில செலுத்திகள், யூ.எஸ்.பி. சாதனங்களுக்குரியவை சிறப்பாக, அவ்வாறே செய்துவந்தன. அடுக்கு தற்செயலாக ஏற்ற இடத்தில் இருந்தமையால் அவை ஓடின. 2016 திசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 4.9 பதிப்பு, அடுக்கு நிரம்பி வழிவதைக் கண்டுபிடித்தற்பொருட்டு அதனை மாயமுகவரி வெளிக்கு மாற்றிற்று. அவ்வளவில் அச்செலுத்திகள் பல முறிந்தன. ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தவேண்டியதாயிற்று. இத்தகைய மீறல்களை முன்கூட்டியே காணுதற்கு, எழுதப்பட்ட ஒவ்வொரு குத்தகையையும் பதிந்து, மீட்கும்போது எல்லை, திசை, அளவு ஆகியவற்றை ஒப்பிடும் சோதனைக் கருவி 2009-இலேயே கருவிற் சேர்க்கப்பட்டிருந்தது. அதனை இயக்கிப் பார்ப்பது சிறிது வேகக் குறைவை உண்டாக்கும்; அவ்விழப்பு, பிழையினால் வரும் இழப்பை நோக்க மிகச் சிறிது.

தமிழ்நாட்டில் இத்துறை

இவையெல்லாம் மேனாட்டு ஆய்வுகூடங்களுக்கே உரியவை என எண்ணுதற்கு இன்று இடமில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சக்தித் திட்டத்தார், ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுதியைத் தழுவி முறைவழியாக்கிகளை வகுத்து வருகின்றனர். 2018-இல் அவர்தம் சில்லு ஒன்று அமெரிக்காவிலுள்ள இன்ரெல் தொழிற்சாலையில் 22 நனோமீற்றர் முறையில் ஆக்கப்பட்டு, லினக்ஸை இயக்கிக் காட்டிற்று. அவ்வாண்டிலேயே மற்றொரு சில்லு சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள குறைகடத்தி ஆய்வுகூடத்தில் 180 நனோமீற்றர் முறையில் ஆக்கப்பட்டது. ரிஸ்க்-ஃபைவ் தொகுதியிற் பதுக்கு வரிகளை வெளியேற்றவும் நீக்கவும் வேண்டிய கட்டளைகள் 2021-இலும், சாதன முகவரி முகாமை அலகுக்குரிய நியமம் 2023-இலும் ஏற்கப்பட்டன. முறைவழியாக்கியைத் தாமே வகுப்போர், குத்தகையின் எல்லையையும் காலத்தையும் காக்கும் வன்பொருளைச் சேர்ப்பதா விடுவதா என்பதையும் தாமே தீர்மானிக்கவேண்டியவராவர். அத்தீர்மானத்தின் பயனும் பழியும் பின்னர் அச்சில்லைக் கொண்ட கருவிகளைப் பயன்படுத்துவோரைச் சாரும்.

மருத்துவமனையின் பதிவேடும் வங்கியின் கணக்கும் மாணவனின் பரீட்சைப் பெறுபேறும் இன்று கணினியின் நினைவகத்தின் வழியாகவே செல்கின்றன. அவை பிறர் கண்ணிற் படாமலும் உருமாறாமலும் இருப்பது, ஒரு செக்கனின் சிறுகூற்றிற் கொடுக்கப்பட்டு மீட்கப்படும் ஒப்பந்தங்கள் பிழையின்றி நடப்பதையும் பொறுத்தது. நேரடி அணுகலால் வேகம் பெறலாம் என்பதை 1958 முதல் உலகம் அறியும். கொடுத்ததை உரிய அளவில், உரிய காலத்தில், எச்சமின்றி மீட்டல் அதனினும் அரிது என்பதை 2016, 2019, 2022 ஆகிய ஆண்டுகளின் நிகழ்ச்சிகள் காட்டின. ஆதலின் இத்துறையைக் கற்கும் மாணவர், குத்தகையை எழுதும் கட்டளையைப் பயில்வதோடு நில்லாது, அதனை மீட்கும் கட்டளையையும் அதே கருத்துடன் பயிலல் வேண்டும். செலுத்தி ஒன்றை ஆராயப் புகுவோர், முகவரி பொருத்தப்படும் ஒவ்வோரிடத்துக்கும் அது விடுவிக்கப்படும் இடம் யாது எனத் தேடிக் காண்பதையே முதற்பணியாகக் கொள்ளுதல் தக்கது.